ஜில்லா சாம்பியனோடு அரைப் புள்ளி

கல்யாணமான புதிதில் எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எழுபதுகளில், பக்கத்துத் தெரு வாசகசாலையின் மாடியில் ஒரு போட்டி நடத்தினார்கள். எங்கள் இருவர் பெயரையும் அவரே கொடுத்துவிட்டு வந்தார். ஆடவந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான்.

முதல் சுற்றில் அவருக்கு எதிரே உட்கார்ந்தது ஜில்லா சாம்பியன், கோயமுத்தூர் பேங்க் ஆபீசர். காப்பி ஆறுவதற்குள் கணவர் தோற்றுவிட்டார். நான் எப்படியோ என் ஆட்டத்தில் ஜெயித்திருந்தேன். அதனால் மத்தியானம் அதே சாம்பியன் எனக்கு வந்து வாய்த்தார்.

"வெரசாத் தோத்தாலும் வெசனப்படாத புள்ள," என்றார் கணவர்.

வெகுநேரம் தாக்குப்பிடித்தேன். பிறகு என் யானை ஒன்று போயிற்று. சாம்பியனின் சிப்பாய் ஒன்று ராணியாக இன்னும் ஒரே கட்டம். அந்த நேரத்தில்தான் அவர் ராஜாவுக்குத் துணையாக யாருமே இல்லை என்று கவனித்தேன். என் ராணியை இறக்கி, "செக்" என்றேன். ராஜா நகர்ந்தது. வேறு பக்கமிருந்து மறுபடி செக். ராஜா பழைய இடத்துக்கே திரும்பியது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விட்டால் அவர் சிப்பாய் ராணியாகிவிடும். விடாமல் செக் சொன்னேன். அதே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டம் சமன் என்பது விதி; அப்படி வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

"டிராதானுங்க அம்மா, ஆளுக்கு அரைப் புள்ளி. நல்லா ஆடுனீங்க."

வீட்டுக்கு வந்ததும் கணவர் பலகையை விரித்து, அதே நிலையில் காய்களை வைத்து, சாம்பியன் பக்கம் உட்கார்ந்தார். நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, அடுப்புக்கும் பலகைக்குமாக நடந்து செக் சொன்னேன். ஒளிய இடம் தேடாமல், அவர் தன் ராஜாவை நடுப்பலகைக்கே நடத்திக்கொண்டு வந்து, என் சிப்பாய் ஒன்றின் பின்னால் நிறுத்தினார். அதற்குமேல் என்னிடம் செக் இல்லை.

"ஏனுங்க, அப்ப அவரு ஜெயிச்சிருக்கலாமுங்களா?"

"ஜெயிச்சிருக்கலாம்." காய்களைப் பெட்டியில் அடுக்கினார். "ஆனா அவ்வளவு தூரம் வர அவருக்குப் பயம். நீ பயமுறுத்திப்போட்ட."

அடுத்த சுற்றில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் தோற்றேன். ஆனால் கம்பெனி முழுக்க என் கணவர் சொல்லித் திரிந்தது அந்த டிராவைத்தான்.