உப்பு கரிக்காத தண்ணீர்

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷக் கோடை. நான் மட்டாஞ்சேரியில் தண்ணீர் வள்ளத்தில் வேலை பார்த்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். நாலாம் வகுப்போடு நின்றவன். வள்ளத்தில் இரண்டே பேர். ஒருவர் வள்ளத்துக்காரர், மலையாளி, என்னைவிட இருபது வயது மூத்தவர். சேட்டா என்று கூப்பிடுவேன். இன்னொருவன் நான். தமிழன் என்பதால் அவருக்கு நான் 'பாண்டி'.

அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. அங்கே ஒரு குழாய் இருந்தது. திறந்தால் காற்று வரும். காயலில் உப்பு. அதனால் வள்ளத்தை ஆற்றுக்குக் கொண்டுபோய், அதன் நடுப்பள்ளத்தில் நல்ல தண்ணீர் நிரப்பி, திரும்பி வந்து கடவில், அதாவது எங்கள் படகுத்துறையில், குடம் குடமாக விற்போம். கடல் ஏறும்போது ஆற்றில் மேலே போவோம். இறங்கும்போது திரும்புவோம்.

இந்தத் தொழிலுக்குப் படிப்பு ஒன்றுதான். நாக்கு. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். கரித்தால் இன்னும் மேலே போகவேண்டும். கரிக்காவிட்டால் நிரப்பவேண்டும். வேறு எதையும் பார்க்க மாட்டோம். மாசி பிறந்ததும் உப்பு ஆற்றுக்குள் ஏறும். நாங்களும் அதற்கு முன்னால் ஏறிக்கொண்டே இருப்போம். அந்த வருஷம் உப்பு எங்களைக் கம்பெனிகள் இருக்கும் வளைவு வரைக்கும் துரத்திவிட்டது.

வளைவில் கரையிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் ஆற்றுக்குள் இறங்கியிருந்தன. அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஒரு நாள் கறுப்பாக ஓடும், ஒரு நாள் துரு நிறத்தில். நாங்கள் எதிர்க்கரையில் ஒதுங்கினோம். நாக்கில் விட்டோம். கரிக்கவில்லை. இரண்டு நாள் அங்கேதான் நிரப்பினோம்.

வள்ளத்து ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் இரண்டு குடம் அவன் வீட்டுக்கு. என் மனைவிக்கு அப்போது ஏழு மாசம். அதற்கு முந்தினது தங்கவில்லை. வீட்டில் ஒரு மண் தொட்டி இருந்தது. அதில் இரண்டு பரல் மீன் விட்டிருந்தோம். தொட்டியில் புழு வைக்காமல் இருக்க எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள்.

மூன்றாம் நாள் விடிந்து போனோம். பள்ளத்தை நிரப்பி முடித்தபோது சேட்டன் கத்தினார்.

"எடா பாண்டி, மீன் பொங்கி! கூடை எடுக்கடா!"

ஆறு முழுக்க மீன். கரிமீன், கெண்டை, விலாங்கு. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கையால் அள்ளினோம். ஓடவில்லை.

"கொண்டு போய்க் குடு. நின்றெ பெண்டாட்டி இப்போ ரெண்டு ஆளுக்குத் தின்னணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு கரிமீனைப் புரட்டினேன். செவுள் கறுத்து, கோழை மூடிக் கிடந்தது. கரையில் நண்டுகள் தண்ணீரை விட்டு வேர்மேல் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு நீர்க்காகம் நாலு மீன் விழுங்கிவிட்டுக் கம்பத்தில் உட்கார்ந்து இறகை விரித்தது. கொஞ்ச நேரத்தில் கால் பிடிக்கவில்லை. விரித்த இறகோடு விழுந்தது. தலை தண்ணீருக்குள் இருந்தது. தூக்கவே இல்லை.

தாழம்புதரில் ஒரு நீர்நாய் கிடந்தது. அந்த வளைவில் இரண்டு உண்டு; ஆளைக் கண்டால் நிற்காது. வள்ளம் பக்கத்தில் போயும் இது ஓடவில்லை. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. எங்களையே பார்த்தது.

கூடையைக் கீழே வைத்தேன்.

"சேட்டா, நேத்தும் முந்தாநாளும் இங்கதானே எடுத்தோம்?"

"உப்பு உண்டோ?"

"இல்ல."

"பின்னே எந்தா பேடி?"

எதற்குப் பயம் என்று கேட்டார். ஆனால் கையில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டார்.

கடல் இறங்கத் தொடங்கவில்லை. காத்திருக்க வேண்டும். பிறகு வீட்டுக்கு நாலு மணி நேரம். நம் அவசரத்துக்கு வள்ளம் போகாது. கடல் இறங்கியதும் கழுக்கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ளினேன். துப்பிக்கொண்டே இருந்தேன். வீட்டுத் தொட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.

பாதி வழியில் சொன்னேன். "இதக் கொட்டிருவோம், சேட்டா."

"கடவுல ஆளு நிக்கும்."

"நிக்கட்டும். ரெண்டு நாளா எம் பொண்டாட்டி இதத்தான் குடிக்கா."

ஒரு திருப்பம் கடந்தது. பிறகு அவரே மரக்கோரியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

கடவில் குடங்கள் வரிசையாக இருந்தன. வெறும் வள்ளத்தைப் பார்த்து ஒருத்தி, "என்ன, ரெண்டு பேரும் சேந்து ஆத்தையே குடிச்சிட்டீங்களா?" என்றாள். நான் நிற்கவில்லை.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் பார்த்தேன்.

"மீன் எங்க?"

"செத்து மிதந்துச்சு. நேத்தே எடுத்து எறிஞ்சிட்டேன்."

"தண்ணி?"

"அதுக்கென்ன? துணியில வடிச்சு ஊத்தி வச்சேன்."

"குடிச்சியா?"

"குடிக்காம? நாக்குல விட்டுப் பாத்துட்டுத்தான் குடிச்சேன். கரிக்கலையே."

அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். சந்தில் வீடு வீடாகப் போய்க் கொட்டச் சொன்னேன். சிலர் கொட்டினார்கள். சிலர் கரிக்கவில்லையே என்றார்கள். அவளிடம் நான் நீர்நாயைப் பற்றிச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே பயந்துகொண்டாள்.

இரண்டு மாசம் காலையில் எழுந்ததும், "அசையுதா?" என்று கேட்பேன். "உங்க தொல்லை தாங்காமத்தான் உதைக்குது" என்பாள். ஒரு நாள் பதில் சொல்லவில்லை. வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் தாண்டித்தான் அசைந்தது.

பெண் பிறந்தது. சின்னதாக இருந்தது. அழுதது. நர்ஸ் நன்றாக இருக்கிறது என்றார். நான் கேட்க நினைத்தது வேறு. அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

வள்ளத்தை விட்டுவிட்டு அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனேன். சேட்டன் கம்பெனிகளையும் தாண்டி மேலே போய் எடுக்க ஆரம்பித்தார். வளைவில் நீர்நாயை அப்புறம் பார்க்கவே இல்லை என்றார். கம்பங்களில் நீர்க்காகமும் உட்காருவதில்லையாம்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எங்கள் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தது. புதுத் தொட்டியில் பிடித்து இரண்டு பரல் விட்டேன். காலையில் இரண்டும் வயிறு மேலே தெரிய மிதந்தன. குழாய் ரிப்பேருக்கு வருகிறவரிடம் ஓடினேன்.

"அது குளோரின், அண்ணாச்சி. கிருமி சாக மருந்து. ரெண்டு நாள் திறந்து வச்சாப் போயிரும். மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

தண்ணீரைக் கொட்டாமல் திறந்து வைத்தேன். மகள் டம்ளரோடு வந்தாள்.

"குடிக்கட்டாப்பா?"

"இரு."

"ஸ்கூல்ல எல்லாரும் இதத்தான் குடிக்கோம்."

"இருன்னு சொன்னேன்."

மூன்றாம் நாள் இரண்டு மீன் விட்டேன். வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீந்தின. பிறகு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். அவள் மடமடவென்று குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.