மீசை வைத்தவன் போட்ட கோலம்

என் மனைவி நர்ஸ். காலை ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். அதனால் மார்கழி முழுக்க எங்கள் வேங்கிக்கால் வீட்டு வாசலில் கோலம் போடுவது நான்தான். சிக்குக் கோலத்தில் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். கை தயங்கினால் மாவு தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நான் எழுதிய எந்தக் கதைக்கும் இவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டதில்லை.

எதிர்வீட்டுக்காரர் புல்லட்டை ஸ்டார்ட் செய்தபடி, "மீசைய வச்சிக்கினு பொம்பள வேலை செய்யறீங்களே சார், வெக்கமா இல்லையா?" என்றார்.

"இழை எங்கயாவது கோணலா இருந்தா சொல்லுங்க, வெக்கப்படறேன்."

அவர் குனிந்து பார்த்தார். இன்ஜினை அணைத்தார். அவ்வளவு கனமான வண்டியைக் கோலத்தின் மேல் ஏற்றாமல், சாக்கடை ஓரமாக மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் கோலத்தை அவர் கேட் வரைக்கும் நீட்டினேன்.