அடிமட்டம் வைத்து அடித்த கோடுகள்

1984 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழும்பினேன். ஆறு மணிக்குச் சவரம். ஆறரைக்கு ஜன்னலைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன்: ஏழு பாகை, மெல்லிய மழை. ஏழே காலுக்குச் சாப்பாட்டு மண்டபத்துக்கு இறங்கினேன். ஒக்லாந்தில் நான் இருக்கும் மாணவர் விடுதியில் நூற்றுப் பத்துப் பேர். நூற்றொன்பது பேருக்கு வயது இருபதைச் சுற்றி. எனக்கு நாற்பத்து நான்கு. இந்தக் குளிரில் அந்தப் பிள்ளைகள் ஒரு கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொண்டு, காலில் மட்டும் ஒன்றுமில்லாமல் வரிசையில் நிற்பார்கள். வந்த புதிதில், செருப்பைத் தொலைத்துவிட்டாயா என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்துவிட்டு, இல்லை, இரண்டும் இங்கேதான் இருக்கின்றன என்றான். பகிடி விட்டானா, உண்மையாகவே பதில் சொன்னானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று மேசையில் எல்லோரும் சனிக்கிழமை நடந்து முடிந்த தேர்தலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குளிர்ந்த பாலில் ஊறிய கோதுமைத் துண்டைக் கரண்டியால் நாலாக வெட்டி, நாலையும் அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மூன்று பேர் முன்னால் நான் போய் உட்காரவேண்டும். மண் ஆய்வில் நான் எழுதிக் கொடுத்த எண்கள் உண்மையாக அளந்தவையா, மேசையில் இருந்துகொண்டு கற்பனையாக எழுதியவையா என்று அவர்கள் விசாரிக்கப் போகிறார்கள்.

வாசிப்பவர்களுக்கு விபரம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு விவசாயக் கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். எங்களில் ஒருவர் இங்கே, இங்கிருந்து ஒருவர் அங்கே என்று ஒரு வருடப் பரிமாற்றம். அங்கே வரவேண்டியவர் நாட்டு நிலைமையைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். நான் வந்துவிட்டேன். இங்கே என் வேலை, நகருக்கு வெளியே புக்கெகோஹியில் உள்ள வெங்காயத் தோட்டம் ஒன்றில் பதினாறு பாத்திகளிலிருந்து கிழமைக்கு ஒருமுறை மண் எடுத்து, அதன் ஈரத்தையும் அமிலத்தன்மையையும் அளந்து எழுதுவது. முதல் நாள் வாகனத்திலிருந்து இறங்கி அந்தத் தோட்டத்தைப் பார்த்தபோது குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். மண் சிவப்பு. வெங்காயமும் வெங்காயந்தான். ஆனால் ஆளில்லை. எங்களூரில் இந்த அளவு நிலத்தில் நாற்பது பேர் குனிந்து நிற்பார்கள். இங்கே ஒரு டிராக்டரும், அதன்மேல் வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரும்.

பத்துக் கிழமை ஒழுங்காகச் செய்தேன். தோட்டத்திலும் ஆய்வுகூடத்திலும் அளந்ததையெல்லாம் கையில் அகப்பட்ட கடதாசியில், பழைய கடித உறையின் முதுகில், மண் பட்ட விரலால் கிறுக்கிக்கொள்வேன். பின்னேரம் அறைக்கு வந்து கைகழுவி, மேசையைத் துடைத்து, தடித்த அட்டைபோட்ட ஆய்வுக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் ஓரக்கோடு அடித்து, நீல மையால் அழகாக எழுதுவேன். ஒரே பாத்தியை மூன்றுமுறை அளந்திருந்தால் மூன்றுக்கும் நடுவான எண்ணை எடுத்து அதை மட்டும் எழுதுவேன். பிறகு கிறுக்கிய கடதாசிகளை எட்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுவேன். இதில் பிழை இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ரஃப் கொப்பி வேறு, நல்ல கொப்பி வேறு. நல்ல கொப்பியில் ஒரு வெட்டு இருந்தால் எங்கள் இரசாயன ஆசிரியர் அதை ஜன்னலால் வெளியே எறிவார். பாடம் முடியுமட்டும் நாங்கள் அது கிடக்கும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு நானே ஆசிரியராகி அதையே செய்தேன். எறியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். யோகராணி என்ற மாணவி ஒருமுறை 6.4 என்று எழுதி, வெட்டி, பக்கத்தில் 4.6 என்று எழுதியிருந்தாள். முழுப் பக்கத்தையும் திரும்ப எழுது என்றேன். முதலில் பார்த்தது 6.4 தான் சேர், அதையும் வைத்திருக்க விருப்பம் என்றாள். பயிற்சிக்குரிய புள்ளிகளில் ஐந்தைக் குறைத்தேன்.

ஜூன் கடைசியில் என் மேற்பார்வையாளர் கிரேம் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். இங்கே எல்லோரும் அவரைக் கிரேம் என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வராது, டொக்டர் என்பேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, மிகவும் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் இன்னொருமுறை அதையே சொன்னார். நான் இன்னொருமுறை நன்றி சொன்னேன். அவருடைய முகத்தை அப்போது சரியாகப் பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். இரண்டு கிழமை கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது, அதில் இப்படி இருந்தது. ஆய்வுக் குறிப்பேடு என்பது அளக்கும் அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் எழுதப்படுவது. பிழைத்தால் கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைப்பது. திருப்பி எழுதப்பட்டதும், மூல எழுத்து அழிக்கப்பட்டதும், எண்கள் வழக்கத்துக்கு மாறாக ஒழுங்காக இருப்பதும் சந்தேகத்துக்குரியவை. எண்கள் பொய் என்று தீர்மானமானால் என் பரிமாற்றம் தவணை முடிவோடு நிற்கும். காரணம் எழுதப்பட்ட கடிதம் எங்கள் கல்லூரிக்கும் போகும். அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்குத் திரும்புவது எனக்குப் பயமில்லை. கள்ள எண் எழுதியவன் என்று திரும்புவதுதான் பயம்.

ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசை விமலாவுடையது. மலேசியாவில் கிள்ளானைச் சேர்ந்தவர், எம்.எஸ்சி. படிக்கிறார், நியூ லின்னில் தோழிகளோடு வீடு எடுத்து இருக்கிறார். அன்று ரயில் பிந்தி ஒன்பதரைக்கு நனைந்தபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே குடையைக்கூட மடிக்கவில்லை.

"என்ன சார், ராத்திரி தூங்கவே இல்லையா?"

"நித்திரை வந்தது பிள்ளை. நாலு மணித்தியாலம்."

"பிள்ளைன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது, எனக்கு இருபத்தேழு வயசு. சரி, அந்த ரஃப் பேப்பர் ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லை. எல்லாம் கிழிச்சுப் போட்டன்."

விமலா சுற்றிப் பார்த்தார். மொரீன், எங்கள் ஆய்வுகூட உதவியாளர், தூரத்தில் போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தார். யாருக்கும் தமிழ் தெரியாத அந்த அறையிலும் விமலா குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணெல்லாம் நிஜந்தானே சார்? நீங்க அளந்ததுதானே? அப்புறம் என்ன. ஒரு ரஃப் எழுதிடுங்க. கொஞ்சம் மண்ணு, கொஞ்சம் டீ. யாருக்குத் தெரியப் போகுது."

 அரை மணித்தியாலம் கழித்து, மேல்மாடியில் வெறுமையாய் இருந்த வாசிப்பு அறைக்குப் பழைய கடதாசிக் கட்டோடும் குறிப்பேட்டின் பிரதியோடும் போனேன். பத்தேகால் தொடக்கம் பன்னிரண்டரை வரை அங்கே இருந்தேன். தேநீர் இடைவேளைக்குப் போகவில்லை. இந்த நாட்டில் அது எல்லோரும் கவனிக்கும் காரியம். ஒவ்வொரு பாத்தியையும் ஒருமுறை மட்டும் அளந்த முதல் இரண்டு கிழமையின் எண்கள் சுலபமாக வந்தன. எண்கள் உண்மை, கடதாசிதான் பொய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு நான் விட்டுவிட்ட அளவுகள் வேண்டியிருந்தன. ஏழாம் பாத்தியை மூன்றுமுறை அளந்தேன் என்பது நினைவிருந்தது. நடுவான எண் 5.8. மற்ற இரண்டும் என்ன? நினைவில்லை. 5.5 என்று எழுதினேன். 6.1 என்று எழுதினேன். மூன்றையும் கூட்டிப் பிரித்துப் பார்த்தேன், சராசரியும் சரியாக 5.8 வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பேனையை வைத்துவிட்டேன். மேசையில் இருந்து எண் கற்பனை செய்கிறேன் என்று அவர்கள் சொன்னது அதுவரை பொய்யாக இருந்தது.

ஆனாலும் கிழிக்கவில்லை. கிழிப்பதில்தான் எல்லாம் தொடங்கியது என்பதாலா, ஒருவேளை தேவைப்படும் என்பதாலா, இப்போதும் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை. பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்க, விசாரணை அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த என்னிடம் விமலா வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். முதலில் உதடு கோணியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ சார். அடிச்ச கோடெல்லாம் ரூலர் வச்சுப் போட்டிருக்கீங்களே."

வாங்கிப் பார்த்தேன். உண்மை. பிழைபோலக் காட்டவேண்டும் என்று நான் எழுதி வெட்டிய பதினொரு இடத்திலும் கோடு அடிமட்டம் வைத்து நேராக இழுத்திருந்தது. தேநீர்க் கறைகூடத் தாளின் நான்கு மூலையிலும் அளவாக இருந்தது. எப்போது அடிமட்டத்தை எடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது. கதவு திறந்தது. கிரேம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே கிரேமும், ஒரு வயதான பேராசிரியையும், நிர்வாகத்திலிருந்து வந்த ஒருவரும். என்னுடைய குறிப்பேடு நடுவில் இருந்தது. அந்த மேசையில் அதுதான் ஆகச் சுத்தமான பொருள். எப்படி அளந்தேன், எப்படி எழுதினேன் என்று கேட்டார்கள். சொன்னேன். நடுவான எண்ணை மட்டும் எழுதியதையும் சொன்னேன். நிர்வாகத்துக்காரர் எழுதிக்கொண்டார். நான் சொல்லும்போது மூவரும் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசிப் பழகிய நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யன் என்று நினைக்கிறார்கள் என்பது விளங்கியது. கடைசியில் பேராசிரியை, காட்டுவதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது இன்று காலை செய்தது. பொய். முதல் இரண்டு தாள்களின் எண்கள் மட்டும் உண்மை. மற்றதை நான் உண்டாக்கினேன்."

கிரேம் கண்ணாடியைக் கழற்றினார். நிர்வாகத்துக்காரரின் பேனை நின்றது. பேராசிரியை தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சரித்து, ஒரு வெட்டுக் கோட்டின் மேல் நகத்தை வைத்து மெல்ல ஓட்டினார். பிறகு தாளைக் கிரேமிடம் தள்ளி அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் எப்போதாவது ஒரு அழுக்கான பக்கம் எழுதியிருக்கிறீர்களா என்று பேராசிரியை என்னைக் கேட்டார். எழுதியிருக்கிறேன், ஆனால் யாருக்கும் காட்டியதில்லை என்றேன். எங்கள் ஊரில் கணக்கு நேராக இருப்பதற்கு அடையாளமே பக்கம் சுத்தமாக இருப்பதுதான் என்றும், அதை நானும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். யோகராணியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன்.

என்னை இருபது நிமிடம் வெளியே இருத்தினார்கள். பிறகு தீர்ப்பை நிர்வாகத்துக்காரர் வாசித்தார். பத்துக் கிழமை எண்களும் தள்ளுபடி. காலையில் செய்த தாள்கள் என் கோப்பில் இருக்கும். ஊருக்குக் கடிதம் போகாது. நாளை தொடக்கம் புதிய குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய இடத்திலேயே மொரீன் சாட்சிக் கையெழுத்து வைப்பார். வெளியே வரும்போது கிரேம் கதவைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குப் பேனை வேண்டாம், குளிரில் மை வராது, பென்சில் கொண்டு போ என்றார். அவர் பேசியதில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். சரி கிரேம் என்றேன்.

மறுநாள் புதன்கிழமை காலை முதற்காரியமாக, ஏழு இருபதுக்கு, முதலாம் பாத்தி ஓரத்தில் முழங்காலில் நின்று மண் எடுத்தேன். மழை விட்டிருந்தது. மொரீன் பக்கத்தில் குறிப்பேட்டைத் திறந்து நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் விறைத்துப்போயிருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் நானும் பார்த்தேன். திகதியும் எண்களும் சரி. குறிப்பு மட்டும் தமிழில் இருந்தது: மேல்மண் ஈரம், காற்று இல்லை. அதன் மேல் கையாலேயே ஒற்றைக் கோடு போட்டேன், கொஞ்சம் வளைந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். வெட்டியதில் என்ன இருக்கிறது என்று மொரீன் கேட்டார். அதேதான் என்றேன். பிழையா என்று கேட்டார். பிழை இல்லை என்றேன். அவர் பென்சிலை வாங்கி, இரண்டு வரிக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார்.