கரிக்கும் பஞ்சுக்கும் விரித்த படுக்கை

ஹோட்டலில் அவளை எல்லோரும் மூணாம் மாடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மாடியின் இருபத்தாறு அறைகளுக்கும் அவள்தான் பொறுப்பு. அறையைக் காலி செய்துவிட்டு ஒருவர் போனால், நாற்பது நிமிடத்தில் அங்கே அப்படி ஒருவர் தங்கியதற்கான சுவடே இருக்கக் கூடாது. தலையணையில் ஒற்றை முடி, கண்ணாடியில் ஒரு விரல் ரேகை, மேஜை இழுப்பறையில் ஒரு மிட்டாய்க் காகிதம், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் அவளைக் கண்டால் நடுங்குவார்கள், ஆனால் நடுங்கிக்கொண்டே அவளிடம்தான் வேலை பழக வருவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் மாடியிலிருந்து ஒரு புகார் கீழே போனதில்லை என்பதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

இப்படிப்பட்டவளை நம்பித்தான் மகள் தன்னுடைய இரண்டு கினிப் பன்றிகளை விட்டுவிட்டு வேலைக்கு வேறு ஊர் போனாள்.

பன்றி என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் அதில் அடங்கிவிடுகிற, வாலே இல்லாத, நாள் முழுக்க எதையாவது மென்றுகொண்டிருக்கிற பரம சாது அது. கறுப்பாக இருந்தவன் கரி, வெள்ளையாக இருந்தவன் பஞ்சு. ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பிகள். மூன்று வருஷமாக ஒரே கூண்டு, ஒரே தட்டு. கரியின் முதுகில் மோவாயை வைக்காமல் பஞ்சுக்குத் தூக்கம் வராது.

மகளுக்குக் கிடைத்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தங்கப்போகும் விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. நான்கு மாதத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு.

"நாலு மாசம் ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சிருந்து குடுத்துடும்மா, அது போதும். ஒருத்தனை விட்டு ஒருத்தன் இருக்க மாட்டான்" என்றாள் பேருந்து நிலையத்தில்.

"இது ஒரு பெரிய வேலையா?"

"படுக்கை மாத்தறப்ப எல்லாத்தையும் அள்ளிடாத. ஓரமா கொஞ்சம் பழசை விட்டு வை. அவங்க வாசனை அவங்களுக்கு வேணும்."

"படுக்கை போட எனக்கே பாடம் எடுக்கறியா நீ?" என்று அவள் சிரித்தாள். மகளும் சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாள். அன்றைக்கு அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல், வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்திருக்கலாம் என்று பிறகு அம்மாக்காரி எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். நினைத்து என்ன செய்ய?

கூண்டில் பரப்ப மகள் வாங்கி வைத்திருந்த மரச்சீவல் மூட்டை ஒரே வாரத்தில் தீர்ந்தது. கடையில் கேட்டால் சரக்கு வர இன்னும் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். சரி, படுக்கைதானே, நாம் பார்க்காத படுக்கையா என்று அவள் களத்தில் இறங்கினாள். முதலில் செய்தித்தாளை அடுக்கடுக்காக விரித்தாள். மறுநாளே அது நனைந்து கூழாகிவிட்டது, பஞ்சின் வயிறு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அடுத்தது தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு பை சீவல். அள்ளிப் போடும்போதே மூக்கில் சுரீரென்று ஏறுகிற பிசின் வாடை. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு தும்மின. சாயங்காலமே அள்ளி வெளியே கொட்டிவிட்டாள். அந்த மட்டுக்கும் அவளுக்கு விவரம் இருந்தது.

மூன்றாவதாக, ஹோட்டலில் கழித்துப் போட்ட குளியல் துண்டு ஒன்றை விரித்தாள். பூப்போல இருந்தது. இதைவிடச் சுகம் வேறென்ன வேண்டும் என்று அவள் இடுப்பில் கை வைத்து நின்றபோதே கீச்சென்று ஒரு அலறல். கரியின் நகம் துண்டின் நூல் வளையத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது. அது இழுக்க இழுக்க நூல் இறுகியது. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து அறுத்து விடுவதற்குள் அவளுக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

கடைசியில் வழி சொன்னவர் ஹோட்டல் சலவைப் பிரிவின் தலைவர். எல்லோருக்கும் லாண்டரி அண்ணன்.

"துண்டு ஆகாதும்மா, வளையம் இருக்கும். மேல ஃப்ளீஸ் போர்வை, ரோமம் மாதிரி மெத்துனு இருக்குமே அது. அடியில பழைய மெத்தை உறை. ஃப்ளீஸ் ஈரத்தைத் தன்கிட்ட வச்சுக்காது, கீழ எறக்கி விட்டுடும். உறை குடிச்சிரும். எலிக்குட்டிங்களுக்கு எப்பவும் காஞ்ச படுக்கைதான்."

"எலி இல்லண்ணே, பன்னி."

"ஏதோ ஒண்ணு. துவைக்கறப்ப வாசனைத் திரவம் ஊத்திடாதீங்க. ஊத்தினா துணி வழுக்கிக்கும், ஈரம் மேலயே நிக்கும். மொதல்ல நாலு அலசு அலசிட்டுப் போடுங்க."

கழிவுக் குவியலிலிருந்து இரண்டு போர்வைகளையும் மூன்று மெத்தை உறைகளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் கூண்டை அளந்து வெட்டி, ஓரம் பிரிந்து நூல் தொங்காதபடி மடித்துத் தைத்து, நான்கு ஜோடி தயார் செய்தாள். ஒளிந்துகொள்ள ஒரு துணிப் பை. தின்னவும் புரளவும் ஒரு மூலையில் உலர்ந்த புல். கையை வைத்தால் மெத்தென்று இருந்தது, ஒரு மணி நேரம் கழித்து வைத்தாலும் ஈரம் ஒட்டவில்லை. படுக்கையைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருந்தது. அதை அவள் தினமும் செய்தாள்.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூண்டைக் காலி செய்வாள். போர்வை, உறை, பை, மிச்சப் புல், ஒன்று விடாமல் எடுத்துவிடுவாள். வினிகர் கலந்த தண்ணீரால் மூலை முடுக்கெல்லாம் துடைத்துக் காயவைப்பாள். புதிய ஜோடியை விரித்து, நான்கு மூலைகளையும் ஹோட்டல் கட்டிலில் செருகுவது போல இழுத்துச் செருகுவாள். பிறகு படம் எடுத்து மகளுக்கு அனுப்புவாள்.

"அழகா இருக்கும்மா. ஆனா தினமும் முழுசா மாத்தாத" என்று பதில் வரும்.

"அப்ப நாறட்டும்ங்கறியா?" என்று இவள் திருப்பி அனுப்புவாள்.

புதுத் துணியில் இறக்கிவிட்டதும் கரியும் பஞ்சும் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும். பின்புறத்தைத் தரையில் தேய்க்கும், செருகிய மூலையைப் பல்லால் பிடித்து இழுக்கும். இவள் மறுபடி செருகுவாள். நான்காவது வாரத்தில் கரி தொண்டைக்குள் உறுமத் தொடங்கியது. பஞ்சு பற்களைக் கடகடவென்று அடித்தது. இவள் விளையாட்டு என்று நினைத்தாள். இரண்டும் ஆளுக்கொரு கோடியில் படுக்க ஆரம்பித்ததையும் கண்ணால் பார்த்தாள். பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், தனித்தனியாகப் படுக்கத் தோன்றுகிறது என்று ஒரு சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒற்றை முடியைத் தேடிக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு எதிரே இருந்தது தெரியவில்லை.

ஏழாவது வாரம் ஒரு மாலை. வீட்டுக்குள் நுழைந்து கூண்டைப் பார்த்தாள். இளநீலப் போர்வையில் ரத்தம், திட்டுத் திட்டாக.

பார்த்ததும் அவள் மனதில் வந்த முதல் நினைப்பு, கறை போகப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும் என்பதுதான். கண் இமைக்கிற நேரம்தான் அது. அதற்கப்புறம்தான் பஞ்சின் கிழிந்த காதையும், தோள்பட்டையில் பல் இறங்கிய பள்ளத்தையும், எதிர் மூலையில் உடம்பை உப்பவைத்துக்கொண்டு மூச்சு வாங்கிய கரியையும் பார்த்தாள். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. நான்கு மாதக் கதையில் அவளை அதிகம் சுட்டது அதுதான்.

பிராணி மருத்துவர் தையல் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கூண்டு எப்ப எப்ப சுத்தம் பண்றீங்க?"

"தினமும் டாக்டர். முழுசா. ஒரு பொட்டு விடாம" என்றாள், அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமையோடு.

"ஈரமான இடத்தைத் தினமும் எடுங்க. மத்ததுல பாதியை விட்டுடணும். தன் வாசனை இருந்தாதான் அது தன் வீடு. நீங்க தினமும் ரெண்டு பேரையும் புது வீட்டுல கொண்டுபோய் விட்டிருக்கீங்க. தினமும் யாரு பெரியவன்னு முதல்லேருந்து பேசித் தீர்க்க வேண்டியிருந்திருக்கும்."

"அதனாலதான் சண்டையா?"

"இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆண்கள் வேற காரணத்துக்கும் சண்டை போடும். ஆனா இது தூண்டி விட்டிருக்கும். இந்த அளவுக்குக் கடிச்சப்புறம் ஒண்ணா விடாதீங்க."

"எப்பவுமேவா?"

மருத்துவர் துண்டில் கையைத் துடைத்தாள். "எப்பவுமே."

கூண்டுகள் இரண்டாயின. நடுவில் கம்பி வலை. பஞ்சு சில நாள் வலையில் மோவாயை வைத்துப் படுத்தது. கரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவள் ஈரத்தை மட்டும் எடுத்து, பாதியை அப்படியே விட்டு வைத்தாள். அழுக்குத் துணி கண்ணெதிரே கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். காலம் கடந்து வந்த புத்தி வேறு எதற்குத்தான் உதவும்?

மகளிடம் மூன்று வாரம் மூச்சு விடவில்லை. ஒரு நாள் கரியின் படம், மறுநாள் பஞ்சின் படம் என்று மாற்றி மாற்றி அனுப்பி ஒப்பேற்றினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பேன்" என்று மகள் கேட்ட அன்று, போனை எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து "சரிம்மா" என்று மட்டும் வந்தது.

நான்காம் மாதம் மகள் வந்தாள். கையில் பிராணிகளைக் கொண்டுபோகும் பெட்டிகள் இரண்டு. ஒரே பெட்டியில் இரண்டும் தாராளமாகப் போகும். அந்த இரண்டு பெட்டிகளையும் அவள் வாங்கிக் கூண்டுகளுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"திட்டேன்டி. நாலு வார்த்தை நல்லா கேளு" என்றாள்.

"திட்டி என்னம்மா ஆகப் போகுது? நீ சுத்தமாதான வச்சிருந்த."

மகள் இரண்டு நாள் இருந்தாள். சாப்பிட்டாள், பேசினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள். கிளம்பும் நாள் காலையில் கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"துவைக்காத துணி இருக்குல்ல? ரெண்டையும் குடு, தனித்தனியா. புது வீட்ல இவங்களுக்குத் தெரிஞ்ச வாசனை ஏதாவது இருக்கணும்."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அழுக்குத் துணியையும் மூலைக்கு மூலை பொருத்தி மடித்துத்தான் கொடுத்தாள், கைக்கு வேறு விதம் தெரியாது. மகள் ஒன்றோடொன்று படாமல் இரண்டு பைகளில் கட்டிக்கொண்டாள்.

பேருந்து போன பிறகு அவள் ஒரு முடிவோடு வீட்டுக்குத் திரும்பினாள். மகளின் அறையை இன்றைக்குத் தொடப் போவதில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, இந்த வாரம் முழுக்கத் தொடப் போவதில்லை. கசங்கிய விரிப்பு கசங்கியே கிடக்கட்டும். அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெற்ற மகளின் தலையெண்ணெய் வாசனை அந்தத் தலையணையில் இருக்குமே.

கதவைத் திறந்தாள்.

ஜன்னல் காற்றுக்காகத் திறந்திருந்தது. குப்பைக் கூடை காலியாக இருந்தது. கட்டிலில் துவைத்த விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல், மூலைகள் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. தலையணை உறை புதியது. தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், ஒரு முடி இல்லை. குளியலறை வாளியில் பழைய விரிப்பும் உறையும் சோப்பு நுரைக்குள் அமுங்கிக் கிடந்தன. ஒருவர் அங்கே இரண்டு நாள் இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போனை எடுத்தாள்.

"பெட்ஷீட்டை ஏன்டி ஊறப் போட்ட?"

"கிளம்பறப்ப எப்பவும் பண்றதுதானேம்மா" என்றாள் மகள், பேருந்து இரைச்சலுக்கு நடுவே. பிறகு குரலில் ஒரு சின்ன பயம் வந்தது. "ஏன், மூலை சரியா மடிக்கலையா?"

"இல்லடி" என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

போனை வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தால் விரிப்பு கசங்கிவிடும் என்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.