மூடாத ஷட்டர்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். ஆனால் இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நேரங்கள் எல்லாம் அன்று இரவே, திரும்பும் வேனில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் எழுதியவை. என் ஞாபகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை. மாலையில் புகைப்பட வகுப்பு. கல்யாணம் நின்றுபோன பிறகுதான் அதில் சேர்ந்தேன். "யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவே. உன்கூட எப்படி வாழுறது?" என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். அதற்கும் தலையாட்டினேன். அது நடந்து ஏழு மாதம். அன்றிலிருந்து எதுவும் உறைப்பதில்லை. சூடு, குளிர், கோபம், எதுவும்.

வகுப்பில் ஆறு பேர். எரிமலையைப் படம் பிடிக்க வாத்தியார் எங்களை வேனில் கூட்டிப்போனார். அந்தப் படத்தை வைத்துத்தான் அடுத்த நிலைக்கு ஆள் எடுப்பார். என் படங்கள் ஏற்கெனவே மூன்று முறை தேறவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

"ஆளுக்குப் பத்துப் படம், ஒரே இடத்துலேருந்து. ட்ரைபாடை நகத்தினா கையை ஒடிச்சிடுவேன்" என்றார் வாத்தியார். "யாரோட ஷட்டராவது திறந்திருந்தா டார்ச் அடிக்கக் கூடாது. அடுத்தவன் படம் பாழாயிடும்."

என் படத்தை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று இடது கோடிக்குத் தனியாகப் போனேன். முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதை ஒட்டி ட்ரைபாடை நிறுத்தினேன். மூன்று கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அப்போது மணி 8.40. பேய் வரும் நேரமே இல்லை.

எதிரே மலை. உச்சியிலிருந்து நெருப்பு மெதுவாக வழிந்தது. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

8.49. இரண்டு படம் முடிந்திருந்தது. கேமரா அமைப்புகளைக் குறித்துக்கொள்ள டார்ச்சை எடுத்தேன். இடப்பக்கம், கொஞ்சம் முன்னால்... க்ளக்.

ஷட்டர் திறக்கும் சத்தம்.

"லைட் போடாதீங்க. திறந்திருக்கு."

கரகரத்த ஆண் குரல். எங்களோடு வந்த கண்ணாடிக் கடைக்காரர் என்று நினைத்தேன். கயிற்றைத் தாண்டி நிற்கிறார். படம் பிடிப்பவர்களுக்கு அது புதிதல்ல. "சரிண்ணே" என்று டார்ச்சைப் பைக்குள் போட்டேன்.

"ஷட்டர் எத்தனை நேரம் திறந்து வச்சிருக்கீங்க?"

"முப்பது விநாடி."

"ஜாஸ்தி. நெருப்பு வெளுத்துடும். பதினஞ்சு போதும்."

குறைத்தேன். எடுத்துப் பார்த்தேன். அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

ஒன்று மட்டும் இடித்தது. அவர் ஷட்டர் மூடும் சத்தத்துக்காக மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது... தொண்ணூறு... மூடவில்லை.

இன்னொன்று. நெருப்பு வெளிச்சத்தில் கயிறு தெரிந்தது. கற்கள் தெரிந்தன. அவர் தெரியவில்லை.

8.51.

"ரெண்டு எட்டு முன்னாடி வாங்க. இங்கேருந்து மலையோட வாயே தெரியுது."

என் கை ட்ரைபாடைத் தூக்கிவிட்டது. யார் சொன்னாலும் கேட்கிற கை அது.

கீழே சாக்பீஸ் வட்டங்கள்.

திரும்ப வைத்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, தலையாட்டவில்லை.

8.52.

"நான் வரல. நீங்க வேணா முன்னாடி போங்க" என்றேன்.

"சரி."

ஒரு காலடி.

இரண்டு.

பிறகு கற்கள் உருளும் சத்தம்... வெகுநேரம்.

கத்தல் இல்லை.

நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. மீதி ஏழு படங்களையும் எடுத்தேன். திரும்பியபோது கண்ணாடிக் கடைக்காரர் வேனில் உட்கார்ந்திருந்தார்; அதோடு விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை 6.30. வகுப்பில் எடுத்தவர்களின் படங்களைப் புரொஜெக்டரில் சுவரில் போட்டுக் கருத்துச் சொன்னோம். பதினைந்து விநாடிப் படத்தைத்தான் நான் கொடுத்திருந்தேன்.

"அடியே, நெருப்பைத் தொட்டா சுடும் போலிருக்கு!" என்றாள் கூடப் படிக்கும் நர்ஸ்.

"எல்லாம் சரி தங்கச்சி. இடது ஓரத்துல ஒரு ட்ரைபாட் வந்திருக்கு. அதை வெட்டிடு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"உங்களோடதுதானேண்ணே? எனக்கு முன்னாடி நின்னீங்களே."

"நானா? குளிர்ல முட்டி மடங்காம வேனை விட்டே நான் இறங்கலையேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினார். மூன்று கால்களும் தெளிவாகத் தெரிந்தன. கால்களுக்குக் கீழே தரை இல்லை.

எரிமலைக் காவலாளிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் அரை அடிதான் சார் தரை. மீதி போன வருஷமே சரிஞ்சு போச்சு. படம் எடுக்க வந்த ஒருத்தரும் அதோட போயிட்டாரு. நீங்க வந்தீங்களே, அதே தேதிதான். அப்புறம்தான் கயித்தை உள்ளே தள்ளிக் கட்டினோம். அவர் கேமரா கிடைச்சப்போ ஷட்டர் திறந்தபடியே இருந்துச்சு."

"எப்படி விழுந்தாரு?"

"அதுதான் புரியல சார். கூட வந்த சினேகிதர் பின்னாடி நின்னிருக்காரு. இருட்டுல ஒரு பொண்ணு பேசினது கேட்டுச்சாம். அன்னிக்குப் பொண்ணுங்க யாரும் வரவே இல்ல."

"என்ன பேசிச்சாம்?"

"'நான் வரல. நீங்க வேணா முன்னாடி போங்க'ன்னு."

அந்த வார்த்தைகளை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"மணி எட்டு அம்பத்திரண்டு சார். சினேகிதர் கடிகாரத்தைப் பார்த்தாராம்."

மடியில் இருந்த குறிப்பேட்டைத் திறந்தேன். என் கையெழுத்துதான்.

8.52.