இரண்டு கட்டம் கீழே போன மஞ்சள்

என் சம்சாரம் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். பகல் பூராவும் டியூப்லைட்டுக்கு அடியில் கறுப்புத் தோல், கறுப்பு நூல். நடுவில் ஒரு ஆர்டர் வந்தது. வெளியே அதே கறுப்பு. உள்ளே வைக்கிற லைனிங் மட்டும் பலாச்சுளை மஞ்சள். அந்த ஆர்டர் ஓடிய வரைக்கும் கண்ணெரிச்சல் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். சொந்த வீடு கட்டினால் முன்னறை அந்தக் கலரில்தான் இருக்கவேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. என்னைக்கூட அவள் கேட்டு வாங்கவில்லை, பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்ததுதான்.

வீடு எழும்பி, பூச்சும் காய்ந்த பிறகு பெயிண்ட் கடையில் ஷேட் கார்டு கொடுத்தார்கள். விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்த ஆள் நான். அதில் மேலே பால் மாதிரி ஆரம்பித்து, கட்டம் கட்டமாகக் கீழே போகப் போக மஞ்சள் முற்றிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகத்தையும் நான் அவ்வளவு ஆசையாகப் புரட்டியதில்லை. அவள் ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதான். மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

வாங்கப் போன அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். நான் என்ன சாதாரண ஆளா? பேரணாம்பட்டில் டிரம்மில் போட்டுத் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவன். ஈரத்தோல் காய்ந்தால் வெளுக்கும். அதனால் கலரைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் வைப்போம். வீட்டுக்குச் சுவர்தானே தோல் என்று என் மூளை முடிவு கட்டியது. அவள் காட்டியதற்கு இரண்டு கட்டம் கீழே கையை வைத்தேன். கலந்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார் கடைக்காரர். என் சர்வீஸ் தெரியாமல் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டேன்.

வெள்ளை பெயிண்ட் டப்பாவை மெஷினுக்கு அடியில் வைத்தார்கள். மேலேயிருந்து சாயம் நூல் நூலாக இறங்கியது. மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, கடைசியில் ஒரு பொட்டு கறுப்பு. மஞ்சளுக்குள் கறுப்பும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் பெயிண்டர் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் முதல் கோட்டிங் அடித்தார். அவள் கேட்டதைவிடத் தூக்கலாக இருந்தது. காய்ந்தால் வெளுக்கும் என்று வெள்ளைச் சட்டையில் முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். காய்ந்தது. வெளுக்கவில்லை. ஓரத்திலிருந்து அடர்த்தி ஏறிக்கொண்டே வந்தது. பலாச்சுளை மாம்பழமாகி, மாம்பழம் கனகாம்பரமாகிவிட்டது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. யாரும் தொடாமல் ஒரு சுவர் என் கண்ணெதிரே தானாக மாறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அண்ணி ஒரு கலரு சொல்லிச்சே, அது இன்னாச்சு?" என்றார் பெயிண்டர்.

"உள்ளதான் கீது. வெளிய வர வெக்கப்படுது."

சாயங்காலம் அவள் வந்தாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அந்தச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. நான் சுவரோரம் நின்று, தோல் எப்படி வெளுக்கும் என்ற கதையை இழுத்தேன். அவள் திட்டவில்லை. சுவரையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"நவுராத. உன் சட்டையப் பாரு."

குனிந்தேன். வெள்ளைச் சட்டை பலாச்சுளை மஞ்சளாக இருந்தது. பெயிண்ட் எதுவும் படவில்லை. சுவரில் விழுந்த வெயில் திரும்பி என்மேல் இறங்கியிருந்தது. ஓரடி தள்ளி நின்றேன், மங்கியது. திரும்பி வந்தேன், ஏறியது.

இந்தச் சுவர் இப்படியே இருக்கட்டும், மற்ற மூன்றுக்கும் வெள்ளை அடித்துவிடுங்கள் என்று பெயிண்டரிடம் சொன்னாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் யோசனைக்கு அந்த வீட்டில் அதற்குமேல் மரியாதை இல்லை என்று அவருக்கே புரிந்தது.

வெள்ளை அடித்து முடித்த அன்று, வேலை விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்தாள். கனகாம்பரச் சுவரில் வெயில் ஏறியது. பக்கத்து வெள்ளைச் சுவர்கள் மெதுவாகப் பலாச்சுளை மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்தன. அந்தக் கலரில் நாங்கள் ஒரு சொட்டும் வாங்கவில்லை. கிட்டே போய் வெள்ளைச் சுவரைத் தடவினேன். என் கையும் சேர்ந்து மஞ்சளானது.

"கண்ணு எரியுதா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். "பேசாத, போய்டும்."

வெயில் இறங்குகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.