ஊளையிட்ட கறுப்பு நாய்

பிளேக் வந்த ஆண்டு, ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டுத் தோட்டங்களில் குடிசை போட்டுக் குடியேறியது. காவலுக்கு நாய்களை வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். அவற்றுக்கு யார் சோறு வைப்பது என்று எவரும் யோசிக்கவில்லை.

புளி வியாபாரி சண்முகத்தாய் யோசித்தார். அவரும் அவரிடம் மூட்டை தூக்கும் கர்ணனும் ஞானதுரையும் நண்பகலில் கஞ்சிப்பானையோடு ஆளற்ற தெருக்களில் புகுந்து கயிறுகளை அறுத்தார்கள். விடுபட்ட நாய்கள் குரைக்காமல் பின்னால் வந்தன.

மூன்றாம் நாள், கடைசித் தெருவில் ஒரு கறுப்பு நாய் மட்டும் கயிற்றை அறுத்த பிறகும் நகரவில்லை. பூட்டிய கதவைப் பார்த்து ஊளையிட்டது.

"உள்ள எமன் நிக்கான் யக்கா. வாங்க, போயிருவோம்," என்றார் கர்ணன்.

"எமனை உள்ள வச்சுப் பூட்டுனது யாருடா?" என்றார் சண்முகத்தாய்.

"இந்த வீட்டு மருமக ராமுத்தாயை அம்மன் எடுத்துக்கிட்டா, பொதைச்சாச்சுன்னு மாமியா சொன்னாக," என்றார் ஞானதுரை.

சண்முகத்தாய் குனிந்தார். கதவின் அடியில் நாய் மண்ணைப் பறித்திருந்தது. அந்தக் குழி வழியாக உள்ளேயிருந்து நான்கு விரல்கள் நீண்டு, அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தன.

கர்ணன் அலறி ஓடினார். சண்முகத்தாய் கல்லெடுத்துப் பூட்டை உடைத்தார்.

அக்குளில் கட்டியோடு ராமுத்தாய் உயிருடன் கிடந்தாள். நோய்க்குப் பயந்து உள்ளே வைத்துப் பூட்டியவர்கள், பழியை அம்மன்மேல் போட்டிருந்தார்கள்.

நாய்களுக்குக் கொண்டுவந்த கஞ்சியில் மிச்சமிருந்ததை அவள் குடித்தாள்.

மறுநாளிலிருந்து சண்முகத்தாய் கயிற்றை அறுப்பதற்கு முன், ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.